கருங்கல் என்று சொன்னவர்

யேசுராஜ் இப்போதெல்லாம் படுத்துத் தூங்குவதில்லை. சுவரில் தலையணையைச் சாய்த்து, அதில் முதுகைக் கொடுத்து, உட்கார்ந்தபடியே தூங்குகிறார். படுத்தால் நெஞ்சின்மேல் யாரோ ஏறி உட்கார்வது போல் இருக்கிறதாம். இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வருத்தம் எதுவும் தெரியாது. விசாரிக்கிறவருக்கு பஸ் நேரம் சொல்வதைப் போலச் சொல்வார்.

மத்தூருக்குப் பக்கத்தில் பிறந்தவர். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. பத்தொன்பது வயதில் சூளகிரிப் பக்கம் ஒரு கிரானைட் கம்பெனியில் சேர்ந்தார். அங்கேதான் இருபது வருடத்துக்கும் மேலாகக் கல் தேய்த்தார். வெட்டிவந்த பலகைக் கல்லின் ஓரத்தைக் கை கிரைண்டரால் தேய்த்து மழமழப்பாக்குவது அவர் வேலை. எந்த நாட்டிலோ ஒரு சமையலறை மேடையில் வீட்டுக்காரர் கையை ஊன்றும்போது ஓரம் குத்தக்கூடாது அல்லவா? அதற்காகத் தேய்த்தார்.

கம்பெனியில் இரண்டு செட், தகரக் கொட்டகைகள். முதல் செட்டில் கறுப்புக் கல்; அதில் வெளிநாட்டுக் கல்லறைகளுக்கான தலைக்கல் செய்வார்கள். தொழிலாளர்கள் அதை ‘பிளாக்’ என்பார்கள். இரண்டாவது செட்டில் இளஞ்சிவப்பும் சாம்பலும் வரிவரியாக ஓடும் கல். அதன் பெயர் ‘கலர்’. ஏற்றுமதிக் காகிதத்தில் இரண்டும் கிரானைட்தான். வியாபாரியின் பாறையியல் எளிமையானது. கெட்டியாக இருந்து பாலிஷ் ஏறினால் கிரானைட், ஏறாவிட்டால் ஜல்லி. யேசுராஜ் வேலை பார்த்தது கலர் செட்டில்.

பூமியின் கணக்கு வேறு. பள்ளிக்கூடத்தில் எல்லாரும் படித்ததுதான், தேர்வு முடிந்ததும் மறந்ததுதான். பாறைகள் மூன்று வகை. உருகிய குழம்பு ஆறி இறுகினால் தீப்பாறை. மணலும் சேறும் சிப்பியும் நீரடியில் அடுக்கடுக்காகப் படிந்து அமுங்கினால் படிவுப் பாறை. ஏற்கெனவே இருக்கும் பாறை ஆழத்தில் சூட்டிலும் அழுத்தத்திலும் அகப்பட்டு, உருகாமலே உள்ளுக்குள் மாறிப்போனால் உருமாறிய பாறை. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் காலுக்கடியில் பெரும்பாலும் கிடப்பது இந்த மூன்றாவது வகை. வரிவரியாக இருக்கும் நைஸ் பாறை. கிட்டத்தட்ட இருநூற்றைம்பது கோடி வருடத்துப் பழையது. பிற்பாடு அதில் விரிசல் விட்டபோது கீழேயிருந்து குழம்பு ஏறி, அந்த விரிசலிலேயே இறுகிக் கறுப்புச் சுவர் மாதிரி நின்றது. அது டோலரைட் என்னும் தீப்பாறை. முதல் செட்டின் தலைக்கல் இந்தக் கறுப்புச் சுவரிலிருந்து வருகிறது. இரண்டாவது செட்டின் கலர், நைஸ்.

மனித நுரையீரலுக்கு முக்கியமான வித்தியாசம் நிறத்தில் இல்லை. குழம்பு ஆறும்போது அதிலுள்ள பொருள்கள் ஒவ்வொன்றாகக் கட்டியாகின்றன. சிலிக்கா தாராளமாக இருக்கும் குழம்பில், மற்றவை எல்லாம் இறுகிய பிறகும் கொஞ்சம் சிலிக்கா மிஞ்சும். மிஞ்சியது கடைசியில் குவார்ட்ஸாக உறையும். ஊர்ப்பக்கத்தில் வெங்கச்சங்கல் என்று சொல்வது இதைத்தான். கறுப்புப் பாறையின் குழம்பில் சிலிக்கா குறைவு, மிஞ்ச ஒன்றுமில்லை. அதனால் டோலரைட்டில் குவார்ட்ஸ் இல்லையென்றே சொல்லிவிடலாம். கலர் கல்லோ சிலிக்கா மிகுந்த பழைய தீப்பாறை உருமாறி வந்தது; அதில் கால் பங்குக்கு மேல் இருக்கிறது. அந்தக் குவார்ட்ஸைக் காய்ந்த நிலையில் தேய்த்தால் கண்ணுக்குத் தெரியாத பொடியாகி மூச்சோடு உள்ளே போகும். உடம்பு அதைக் கரைக்கப் பார்க்கும். முடியாது. சுற்றிலும் தழும்பு கட்டும். பிறகு நுரையீரலே தழும்பாகும். இதற்கு சிலிக்கோசிஸ் என்று பெயர்.

கல்லைத் தண்ணீர் விட்டுத் தேய்த்தால் தூசி எழாது. கரண்டில் ஓடும் கிரைண்டரில் தண்ணீர் பட்டால் ஷாக் அடிக்கும். காற்றழுத்தத்தில் ஓடும் கிரைண்டர் சந்தையில் கிடைக்கிறது. அதில் தாராளமாகத் தண்ணீர் விடலாம். கம்பெனி அதை வாங்கவில்லை. முகத்தில் துண்டைக் கட்டிக்கொள்ளச் சொன்னது. துண்டையும் தொழிலாளியே கொண்டுவர வேண்டும்.

யேசுராஜுக்கு இருமல் வந்தது. டி.பி. என்று மாத்திரை கொடுத்தார்கள். முடித்தார். இருமல் போகவில்லை. சளியைச் சோதித்தபோது கிருமி இல்லை. கிருமி இல்லாத டி.பி.க்கு மறுபடி மாத்திரை கொடுத்தார்கள். இதற்கிடையில் ஜெபக்கூட்டத்தில் ஒருவர் நெஞ்சில் எண்ணெய் தேய்த்தார். பக்கத்து வீட்டார் கல் குவாரி முனியைக் கும்பிடச் சொல்லி எலுமிச்சம்பழம் கொடுத்தார்கள். அவர் எதையும் மறுக்கவில்லை. எண்ணெயும் தேய்த்துக்கொண்டார், பழத்தையும் வாங்கிக்கொண்டார். எல்லாரும் ஏதோ ஒன்றைக் கொடுத்தார்கள். எந்தக் கல்லைத் தேய்த்தாய் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

ஒருநாள் கிரைண்டரைத் தூக்க முடியாமல் கீழே வைத்தார். மேனேஜர் கங்கப்பன் வந்து பார்த்தார். நல்ல மனுஷர் என்று பெயர் எடுத்தவர்.

“வீட்டுல இரு யேசு. ஒடம்பப் பாத்துக்கோ. பவுலினாவ அனுப்பு, உன் மெஷின அவளுக்கே குடுக்கறேன். வேற யாரு செய்வா சொல்லு?”

பவுலினா யேசுராஜின் மனைவி. அடுத்த வாரமே போய்ச் சேர்ந்தார். அதே செட், அதே கிரைண்டர், அதே கலர் கல். ஊரில் எல்லாரும் கங்கப்பனைப் பாராட்டினார்கள். யேசுராஜும் அப்போது நன்றியோடுதான் இருந்தார்.

பவுலினா சாயந்திரம் வீட்டுக்கு வரும்போது புருவம் வெளுத்திருக்கும். முகத்தைக் கழுவும்போது அவர் காறித் துப்பும் சத்தம் கேட்கும். யேசுராஜ் உள்ளேயிருந்து அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார். முதலில் தொண்டையில் மட்டும் இருந்தது. பிறகு கொஞ்சம் கீழேயிருந்து வந்தது. அந்த வித்தியாசம் அவருக்குத் தெரியும்.

தொழிற்சங்கத்து மாதவன்தான் சிலிக்கோசிஸ் என்ற வார்த்தையை அந்த வீட்டுக்குக் கொண்டுவந்தார். ஓசூரில் வேறொரு ஆலையில் வேலை செய்கிறவர். எக்ஸ்ரே படத்தை ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். வேலூரில் ஒரு டாக்டரிடம் காட்டினார். டாக்டர் சந்தேகமில்லாமல் சொன்னார். ஆனால் அவர் சொன்னால் போதாது. அரசாங்கம் விசாரணை வைத்து, குழு அமர்ந்து, இது தொழில் நோய் என்று முடிவு சொல்ல வேண்டும்.

“முடிவானா என்னாகும்?” என்று பவுலினா கேட்டார்.

“அண்ணனுக்குச் சேர வேண்டியது சேரும். அது ஒரு பக்கம். கல் தூசியால வந்த நோவுன்னு எழுதிட்டா, அந்தச் செட்ல இனிமே காஞ்ச கல்லத் தேய்க்க விட முடியாதுக்கா. தண்ணி மெஷினு வாங்கித்தான் ஆவணும். உனக்காகத்தான் முக்கியமா.”

யேசுராஜ் தலையைத் தூக்கினார். தனக்காக அதுவரை எதையும் கேட்காதவர், “எப்பப் போவணும்?” என்று கேட்டார்.

விசாரணைக்கு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனார். மேசைக்குப் பின்னால் ஓர் அதிகாரி, அவர் பக்கத்தில் பெங்களூரிலிருந்து வந்திருந்த ஒரு டாக்டர். டாக்டருக்குத் தமிழ் புரியும், பேச்சில் கன்னடம் கலக்கும். கெட்டவர் அல்ல. மூச்சு வாங்குகிறதைப் பார்த்து நாற்காலி போடச் சொன்னார்.

“யாவ கல்லு, எந்தக் கல்லு தேய்ச்சீங்க? சொல்லி.”

இந்த இடத்தில்தான் எல்லாம் கெட்டது. செட்டுக்குள் என்றால் யேசுராஜ் யோசிக்காமல் ‘கலர்’ என்றிருப்பார். ஆனால் அதிகாரிகள் முன்னால் பட்டறைப் பேச்சுப் பேசலாமா? கலர் என்பது சோடாவுக்குச் சொல்கிற வார்த்தை. ஒரு மரியாதையான, நல்ல தமிழ்ச் சொல் வேண்டும் என்று நினைத்தார். தேடி எடுத்தார்.

“கருங்கல்லுங்க, ஐயா.”

தமிழ்நாட்டில் கருங்கல் என்றால் கறுப்பான கல் என்று அர்த்தமில்லை. உளிக்கு எளிதில் மசியாத எந்தக் கல்லும் கருங்கல்தான். சாம்பல் நிறத்தில் இருக்கும் கோயில் மதிலையும் கருங்கல் என்கிறோம், சிவப்பு வரி ஓடும் படிக்கட்டையும் கருங்கல் என்கிறோம். செங்கல் இல்லை, சுண்ணாம்புக்கல் இல்லை, அதனால் கருங்கல். டாக்டர் அந்தச் சொல்லை இரண்டாக உடைத்துக் கேட்டார். கரிய கல். ஆங்கிலத்தில் எழுதச் சொன்னார்: பிளாக் கிரானைட். கம்பெனித் தரப்பில் உட்கார்ந்திருந்த கங்கப்பன் நிமிர்ந்து பார்த்தார். உள்ளூர்க்காரர். அந்தச் சொல் இந்த ஊரில் என்ன பொருள் தரும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். வாயைத் திறக்கவில்லை.

பிளாக் கிரானைட் என்பது டோலரைட், டோலரைட்டில் குவார்ட்ஸ் கிடையாது, குவார்ட்ஸ் இல்லாமல் சிலிக்கோசிஸ் வராது. ஆகவே இது பழைய டி.பி.யின் தழும்பு. டாக்டரின் வாதத்தில் ஓட்டையே இல்லை. அறிவியல் முழுக்கச் சரி. கல் மட்டும் தப்பு.

மாதவன் விஷயத்தைத் தெரிந்துகொண்டு தலையில் கைவைத்துக்கொண்டார். மறு விசாரணை கேட்டு வாங்கினார். கல்லூரியில் நிலவியல் பாடம் நடத்தும் ரஞ்சிதாவைப் போய்ப் பார்த்து அழைத்துவந்தார். ரஞ்சிதா கையோடு ஒரு துண்டு கலர் கல்லைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். உடைந்த முகத்தில் கண்ணாடிச் சில்லுபோல மினுங்கிய இடங்களை விரலால் காட்டினார்.

“இது குவார்ட்ஸ் சார். இந்தக் கல்லு கிரானைட்டே இல்ல, நைஸ். உருமாறிய பாறை. கறுப்புக் கல்லுக்கும் இதுக்கும் பிறப்பே வேற. பக்கத்துப் பக்கத்துல இருக்குங்கிறதுனால ரெண்டும் ஒண்ணாயிடாது. அவர் தேய்ச்சது இத.”

“இத எங்கிருந்து எடுத்தீங்க மேடம்?” என்று கங்கப்பன் பணிவாகக் கேட்டார்.

“உங்க கம்பெனிக்கு வெளியில கொட்டி வச்சிருக்கற கழிவுல.”

“ரோட்டோரமாங்க? ரோட்டோரம் எவன் எவனோ கொட்றான். அது எங்க கல்லுன்னு கல்லுல பேரா எழுதியிருக்குது?”

கம்பெனி அந்த அறையிலிருந்து அரை மணி நேரத் தூரம். ஜீப்பில் ஏறிப் போய் செட்டுக்குள் நுழைந்திருந்தால் பவுலினா அந்த நிமிடமும் அந்தக் கல்லைத்தான் தேய்த்துக்கொண்டிருந்திருப்பார். மாதவன் அதைக் கேட்டார். அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். பூமி இருநூற்றைம்பது கோடி வருடம் செலவழித்துச் செய்த ஆதாரத்தைப் போய்ப் பார்க்க நமது அரசாங்கத்துக்கு ஒரு மத்தியானம் கிடைக்கவில்லை.

“எதுக்கு சார் அலையணும்?” என்றார் கங்கப்பன். “நம்ம ஆளையே கேட்டுடலாம். ஏம்ப்பா யேசு, நீ கோயிலுக்குப் போற ஆளு. மாதா மேல சத்தியமாச் சொல்லு. இத்தினி வருஷமா நீ தேய்ச்சது கருங்கல்லா, இல்லியா?”

“இது என்ன சார் கேள்வி?” என்று மாதவன் எழுந்தார். “கருங்கல்லுன்னா எங்க ஊர்ல...”

“அவரு சொல்லட்டும். நீங்க உட்காருங்க” என்றார் அதிகாரி.

கலர் என்று சொல்ல வேண்டும் என்று மாதவன் வழியெல்லாம் சொல்லிக்கொடுத்துத்தான் கூட்டிவந்திருந்தார். ஆனால் கேள்வி கலரைப் பற்றி வரவில்லை. யேசுராஜ் மேசைமேல் இருந்த கல்லைப் பார்த்தார். அதைக் கருங்கல் இல்லை என்று எப்படிச் சொல்வது? வேறு என்னவாம் அது? மாதாவின் பெயரால் கேட்டிருக்கிறார்கள்.

“கருங்கல்லுதாங்க. பின்ன செங்கல்லா?”

யாரோ சிரித்தார்கள். யேசுராஜும் மரியாதைக்குச் சிரித்தார். சிரித்ததில் இருமல் வந்து, தண்ணீர் கொடுத்தார்கள்.

ஒரு தேசத்தின் சட்டம் சத்தியத்தை நம்பிக் கல்லை நம்பாமல் இருப்பது எவ்வளவு வசதியானது! கல்லை மிரட்ட முடியாது. கல்லுக்கு மாதாவும் கிடையாது, முனியும் கிடையாது. உடைத்துப் பார்த்தால் உள்ளே இருப்பதைக் காட்டிவிடும். பக்தியுள்ள மனிதனைக் கூப்பிட்டுக் கேள்வியைச் சரியாக மடக்கிப் போட்டால், அவன் உண்மையைச் சொல்லியே தோற்றுப்போவான்.

திரும்பிப் போகும் பஸ் குருபரப்பள்ளியைத் தாண்டியது. மாதவன் யேசுராஜ் பக்கம் திரும்பினார்.

“ண்ணா, ஒரே ஒரு வார்த்த. கலர்னு சொல்லச் சொன்னேனே.”

“கலர்னாலும் அது கருங்கல்லுதானப்பா. சாமி பேரச் சொல்லிக் கேட்டாரு. பொய் சொல்லச் சொல்றியா?”

“பொய் இல்லண்ணா அது...” என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார். பக்கத்தில் ஒருவர் மூச்சை எண்ணி எண்ணி விட்டுக்கொண்டிருக்கும்போது சொல்லாராய்ச்சி செய்ய முடியவில்லை.

முடிவு வந்தது. தொழில் நோய் அல்ல. யேசுராஜ் அதைக் கேட்டுவிட்டுத் தலையணையைச் சரிசெய்து சாய்ந்துகொண்டார். பவுலினா அரிசி களைந்துகொண்டிருந்தார். நிறுத்தவில்லை. மாதவன் மேல்முறையீடு என்றார். இருவரும் தலையாட்டினார்கள். அவர் போன பிறகு அதைப் பற்றி அந்த வீட்டில் பேச்சே எழவில்லை. அழுகை, சண்டை, சாபம் எதுவும் இல்லை. இரண்டு பேரும் சாப்பிட்டார்கள்.

மறுவாரம் கங்கப்பன் பவுலினாவைக் கூப்பிட்டார்.

“நாளையிலருந்து நீ முதல் செட்டுக்குப் போயிடும்மா. பிளாக்ல நில்லு.”

“எதுக்குங்க சார்? ரெண்டும் ஒரே கல்லுதான்னு ஆயிடுச்சே.”

கங்கப்பன் குரலைத் தாழ்த்தினார். “சும்மா இரும்மா. ஒரு வீட்டுல ரெண்டு கேஸு எனக்கு வேணாம். நல்லதுக்குத்தான் சொல்றேன், போ.”

ரஞ்சிதா படித்துத் தெரிந்துகொண்டதை கங்கப்பன் என்றைக்கோ தெரிந்துவைத்திருந்தார். எந்தக் கல் ஆளைக் கொல்லும், எது கொல்லாது என்ற வகைப்பாடு அவருக்குத் தலைகீழ்ப் பாடம். அதை வைத்து அவர் மெஷின் வாங்கவில்லை, ஆளை மாற்றினார்.

பவுலினா பிளாக் செட்டுக்குப் போனார். தூசி அங்கேயும் உண்டு. ஆனால் சாயந்திரம் துப்பும் சத்தத்தில் அடியிலிருந்து வரும் அந்த இழுப்பு மெல்லக் குறைந்தது. யேசுராஜ் அதைக் கேட்டார்.

“கலர் மெஷின்ல இப்ப யாரு நிக்கறா?” என்று ஒருநாள் கேட்டார்.

“வீரலட்சுமின்னு ஒரு புள்ள. புதுசு. சிவகாசிப் பக்கம்.”

“புள்ளைங்க இருக்குதா அதுக்கு?”

“ரெண்டு.”

பவுலினா அடுப்பைப் பார்க்கப் போனார்.

அடுத்த நாள் சாப்பாட்டு நேரத்தில் பவுலினா வீரலட்சுமியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். வீரலட்சுமிக்கு முப்பது இருக்கும். முகத்தில் அப்பியிருந்த பொடியைத் துடைக்காமலே தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“இந்தக் கல்லு ஆவாதும்மே. எங்க வீட்டுக்காரரு இதுலதான் படுத்துட்டாரு.”

“தெரியும்க்கா. சேந்த அன்னைக்கே சொன்னாக. உக்காந்தே தூங்குவாராம்ல?”

“தெரிஞ்சுமா சேந்த?”

“எங்க ஊருல பட்டாசு ஆபீஸு. மருந்து இடிக்கிற ரூமு. என் நாத்தனா அப்பிடியே போயிட்டா, ஒரு விரல் கூட முழுசாக் கிடைக்கல. அது டப்புனு. இது மெதுவா. மெதுவான்னா அதுக்குள்ள பிள்ளைக வளந்துரும்ல.” வீரலட்சுமி ஊறுகாயை நக்கிக்கொண்டார். “நீ ஏன்க்கா அழுதமாதிரி இருக்க? ஒன்னத்தான் மாத்திட்டாகள்ல.”

பவுலினா அழவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு சொன்னார்.

“ஒரு வாரம் நீ பிளாக்ல நில்லு. ஒரு வாரம் நான் நிக்கறேன். மாத்தி மாத்தி.”

“கிறுக்கா ஒனக்கு? தப்பிச்ச ஆளு எதுக்குத் திரும்பி வார?”

“பாதிதான ஆவும். ஒருத்தருக்கு முழுசா ஆவறதுக்கு ரெண்டு பேருக்குப் பாதி.”

வீரலட்சுமி டிபன் பாக்ஸை மூடினார். திறந்தார். மறுபடி மூடினார்.

“சரி” என்றார்.

கணவரிடம் அன்று மாலை பவுலினா இதைச் சொன்னார். போகாதே என்று சொல்ல யேசுராஜுக்கு உரிமை இருந்தது. மூச்சு போதவில்லையா, மனம் வரவில்லையா, தெரியாது. “துண்ட நனைச்சுக் கட்டு” என்று மட்டும் சொன்னார்.

இந்த மாவட்டத்துக்கு எத்தனையோ சட்டங்கள் வந்திருக்கின்றன. கல்லுக்கு வரி விதிக்கத் தெரிந்த சட்டம் உண்டு. எடை போடத் தெரிந்த சட்டம் உண்டு. கப்பலேறும் கல்லுக்குச் சான்று தரத் தெரிந்த சட்டமும் உண்டு. இரண்டாவது செட்டின் தூசியைப் பற்றி இதுவரை முறையாக முடிவெடுத்தவர்கள் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் மட்டும்தான். தடுக்க அவர்களுக்கு அதிகாரமில்லை. பங்கு போட்டார்கள்.

கங்கப்பன் முதல் மாற்றத்தைக் கவனித்தார். பதிவேட்டில் பவுலினாவின் பெயர் பிளாக்கில்தான் இருந்தது, வேலையும் குறையவில்லை; பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

திங்கட்கிழமை பவுலினாவின் முறை. துண்டை நனைத்துப் பிழிந்து, மூக்குக்கு மேல் இறுக்கிக் கட்டினார். இளஞ்சிவப்புப் பலகை ஒன்று ஸ்டாண்டில் ஏற்றிவைத்திருந்தது. எதிர்ச் செட்டின் வாசலில் வீரலட்சுமி வந்து நின்று கத்தினார்.

“யக்கா! இந்த வாரம் லீவு கீவு போட்டுறாத. ஒன் பங்கையும் சேத்து நான் திங்க மாட்டேன், ஆமா!”

“போடி” என்றார் பவுலினா. துண்டுக்குள் அது யாருக்கும் கேட்கவில்லை. கிரைண்டரைத் தூக்கிக் கல்லின் ஓரத்தில் வைத்தார்.